வீங்கிய பதினேழாம் நம்பர்

“சார், பதினேழாம் நம்பர் வீங்கியிருக்கு.”

பேட்டரிக்காரர் இதைச் சொன்னபோது தீ சார் வாயில் ஒரு மடக்கு டீ இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ‘விபத்தில்லா நாட்கள்: 88’ என்றிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தன் கையாலேயே ஏழைக் கழற்றிவிட்டு எட்டை மாட்டியிருந்தார்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு? ஸ்லாட்டுக்குள்ள போக மாட்டேங்குது. மூணு வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்ன மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது.”

“வெயிலுக்கு எல்லாமே கொஞ்சம் உப்பத்தான் செய்யும்.”

“மத்த முப்பத்தஞ்சும் இதே வெயில்லதான் சார் இருக்கு.”

தீ சார் டீயை விழுங்கினார். அது ஆறிப்போயிருந்தது.

அது ஒரு பார்சல் கம்பெனியின் சார்ஜிங் தளம். முப்பத்தாறு மின்சார ஸ்கூட்டர்கள், அவற்றுக்குக் கைப்பிடி வைத்த பெட்டி மாதிரி முப்பத்தாறு பேட்டரிகள், அவற்றைச் சொருகிச் சார்ஜ் ஏற்றக் கொட்டகைச் சுவரோரமாக முப்பத்தாறு ஸ்லாட்டுகள். இதில் எதுவும் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு தீப் பாதுகாப்பு அலுவலர். பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் பார்சல்காரர்கள் அதைத் ‘தீ சார்’ என்று சுருக்கிவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறத்தில்தான். நிரந்தர ஊழியருக்கு நீல அட்டை, ஒப்பந்த ஊழியருக்கு மஞ்சள் அட்டை. தீ சாரின் கழுத்தில் பதினொரு வருஷமாக மஞ்சள்.

தொடர்ந்து தொண்ணூறு நாள் ஒரு விபத்தும் இல்லாமல் தளத்தை நடத்திக் காட்டினால் நீலம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. முதல் தடவை அறுபத்தோராம் நாள், ஒரு பார்சல்காரர் ஈரத் தரையில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இரண்டாவது தடவை எண்பத்து மூன்றாம் நாள். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று மணல் வாளியை நடைபாதைக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார் தீ சார். எல்லார் கண்ணிலும் பட்டது, அவர் கண்ணைத் தவிர. தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு பிசகியது. அதைப் பதிவேட்டில் எழுதியதும் அவரேதான், இடது கையால்.

வேலை மட்டும் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். மாமனார் இருந்தார். கல்யாணப் பேச்சின்போது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “நிரந்தர வேலைதானே?” தீ சார் ஆமாம் என்றார். எப்படியும் ஆறு மாசத்தில் ஆகிவிடும், கொஞ்சம் முன்கூட்டியே சொல்வதில் தப்பில்லை என்று நினைத்தார். பத்து வருஷமாக முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமனார் லேசுப்பட்ட ஆளும் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்தால் வீட்டில் ஒரு தீக்குச்சியைக்கூடப் பயந்து பயந்துதான் கிழிக்க வேண்டும். அவர் நாளைக்கு ஊரிலிருந்து வருகிறார். “இந்தத் தடவை மாப்பிள்ளை வேலை பாக்கற இடத்தப் பாக்காம போறதில்ல” என்று போனிலேயே சொல்லிவிட்டார். இரண்டே நாள். இரண்டு நாள் தாண்டினால் கழுத்தில் நீலம் தொங்கும், மாமனாரை மாலை மரியாதையோடு கூட்டிக்கொண்டு வரலாம். அதற்குள்தான் பதினேழாம் நம்பர் வீங்கிவிட்டது.

“விதி பதினாலு என்ன சார் சொல்லுது?” என்று கேட்டார் பேட்டரிக்காரர். விதிப் புத்தகத்தை எழுதியவரிடமே கேட்டார்.

“வீங்கின பேட்டரிய உடனே மணல் பெட்டியில வைக்கணும்.”

“அப்ப வச்சிடலாம்.”

“மணல் பெட்டிக்கு சீல் வச்சிருக்கு.”

“உடைச்சிடலாம்.”

“சீல உடைக்கப் பதிவேட்டு நம்பர் வேணும். நம்பர் வேணும்னா பதிவேட்டுல எழுதணும். எழுதினா...”

இருவரும் பலகையைப் பார்த்தார்கள்.

“இப்படி ஒரு ஏற்பாட்ட எந்தப் புண்ணியவான் சார் பண்ணினான்?”

டீ குடித்த காகிதக் கோப்பைகளை மணல் பெட்டியில் போடுகிறார்கள் என்பதற்காகப் போன வருஷம் தீ சார்தான் பண்ணினார்.

“எழுதாமலே பத்திரமா வச்சுக்கலாம்” என்றார் கடைசியில். “விதி அஞ்சு இருக்கே. நிழலான, காத்தோட்டமான இடம். சுத்தி மூணு மீட்டருக்குள்ள எரியற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு எதுக்குப் பதிவேடு?”

அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். நிழல் இருந்த இடத்திலெல்லாம் ஸ்கூட்டர் இருந்தது. ஸ்கூட்டர் இல்லாத இடத்திலெல்லாம் வெயில் இருந்தது. கடைசியில் முற்றத்தின் நட்ட நடுவில், சிமென்ட் தரையில், பதினேழாம் நம்பரை வைத்தார்கள். காற்றோட்டம் பிரமாதம். நிழல்தான் இல்லை. தீ சார் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குடைத்துணி எரியக்கூடிய பொருள் என்பது ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. கையை உயர்த்தினார். மூன்று மீட்டர் உயர்த்துகிற அளவுக்கு ஆண்டவன் அவருக்குக் கை வைக்கவில்லை.

பேட்டரி எடுக்க வந்த பார்சல்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

“யாருக்கு சார் குடை?”

“பேட்டரிக்கு.”

“மழை வருமா சார்?”

“வேலையப் பாருப்பா.”

இப்படி நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் போட்டோ எடுத்தார். இனித் தாங்காது என்று தீ சார் ஒரு பழைய அலுமினிய அண்டாவைக் கொண்டுவந்து பேட்டரி மேல் கவிழ்த்தார். அலுமினியம் எரியாது, நிழலும் ஆச்சு, யார் கண்ணிலும் படாது. அண்டாவைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டமும் போட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மதியம் எட்டிப் பார்த்தால், வட்டத்துக்குள் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அண்டா மேல் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரம்.

“யோவ், எந்திரிய்யா! அங்க ஏன் வச்சே?”

“தற்செயலாத்தான் சார் வச்சேன். சாப்பாடு ஆறவே மாட்டேங்குது. அடுப்பிலேர்ந்து இப்ப எறக்கின மாதிரி இருக்கு. இந்த அண்டா தினமும் இங்கயே இருக்கட்டும் சார்.”

தீ சார் புறங்கையை அண்டாவில் வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். வெயில் சூடா, உள்ளே இருப்பதன் சூடா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமும் இல்லை. அதே நேரத்தில் போன் அடித்தது. தலைமை அலுவலகத்து மேடம்.

“நாளைக்கு எண்பத்தொம்பதாச்சே. காலைல வந்து ஒரு சுத்து பாத்துடறேன். நீங்க குடை பிடிச்ச மாதிரி ஏதோ போட்டோ சுத்துதே, என்ன அது?”

“பயிற்சி மேடம். செயல்முறைப் பயிற்சி.”

“வெரி குட்.”

தீ சார் போனை வைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பதினேழாம் நம்பர் இன்றைக்கே தளத்தை விட்டுப் போயாக வேண்டும். எங்கே? பழைய பேட்டரி வாங்குகிற கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் ஷட்டரை இறக்கினார். குப்பையில் போட மனசு வரவில்லை. குப்பை அள்ளுகிறவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும். ஆக மிச்சமிருந்த இடம் ஒன்றுதான்.

சாயங்காலம் அண்டாவில் மணல் கொட்டி, அதில் பேட்டரியைப் பாதிக்குப் புதைத்து, பார்சல் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குத் தள்ளினார். எந்தப் பக்கமும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் தெருவில் நடக்கக்கூடிய இடம் நடுத்தெரு மட்டுமே. பின்னால் வந்த பஸ் பத்து நிமிஷம் ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து தீ சாரின் முன்னோர்களை விசாரித்துவிட்டுப் போனார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குக் கனம் பத்துக் கிலோ.

மனைவி கதவைத் திறந்து, அண்டாவைப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“ஆபீஸ் சாமான். ரெண்டே நாள். பால்கனியில ஓரமா இருக்கும், உன்ன ஒண்ணும் பண்ணாது.”

“என்ன ஒண்ணும் பண்ணாதுன்னா, வேற யார என்ன பண்ணும்?”

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டது. நாளைக்கு வர வேண்டிய மாமனார் இன்றைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. சீக்கிரமே டிக்கெட் கெடைச்சுது, வந்துட்டேன். என்ன அது, அண்டாவுல?”

தீ சாரின் மனைவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“விருதுப்பா. இவருக்குக் கம்பெனியில குடுத்திருக்காங்க.”

“என்னத்துக்கு?”

“தீ விபத்தே நடக்காம பாத்துக்கிட்டதுக்கு.”

மாமனார் எழுந்தே விட்டார். மணலிலிருந்து பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கினார். “விருதப் போய் மண்ணுல பொதைச்சா எடுத்துட்டு வருவாங்க?” என்று தோள் துண்டால் துடைத்தார். கறுப்பாகப் பளபளத்தது, கம்பெனியின் முத்திரை வேறு இருந்தது. “நல்லாத் திம்முனு பண்ணியிருக்கான். தொட்டா வெதுவெதுன்னு இருக்கே.”

“மாமா, அது பால்கனியில...”

“விருத எவனாவது பால்கனியில வைப்பானா மாப்பிள்ளை?”

கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்து பேட்டரியை அங்கே வைத்தார். இடது பக்கம் கல்யாண போட்டோ, வலது பக்கம் பீங்கான் குருவிகள். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று உள்ளேயிருந்த சின்ன விளக்கையும் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவை அழுத்திச் சாத்தினார். காற்றோட்டம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

சாப்பிடும்போது மாமனார் தீயைப் பற்றிப் பேசினார். “ஒரு தடவை பஞ்சு குடோன் பத்திக்கிச்சு மாப்பிள்ளை. பதினாலு பேர் போனாங்க. விடிய விடிய அணைச்சாங்க. திரும்பி வந்தாங்க பாருங்க, அந்தப் பசி! அப்படியொரு பசிய நான் பாத்ததே இல்ல. அதெல்லாம் ஒரு காலம். நமக்கெல்லாம் மணி அடிச்சா அடுத்த நிமிஷம் கை தானா வேலை செய்யும்.” தீ சார் தலையை ஆட்டினார். அவருடைய கண் அலமாரியை விட்டு நகரவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் தூங்கியவர் மாமனார் ஒருவர்தான். தீ சார் அலமாரியின் கதவைத் திறந்து, விளக்கை அணைத்து, பக்கத்தில் மணலோடு அண்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியும் வந்து உட்கார்ந்தாள்.

“உண்மையச் சொல்லுங்க. இது வெடிக்குமா?”

“வெடிக்காது. புகையும். அப்புறம் எரியும்.”

“இத வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீங்க.”

“ஆமா.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு வருஷமாக ஊருக்கெல்லாம் விதி சொல்லிவிட்டு, பெண்டாட்டி படுக்கிற இடத்திலிருந்து நாலடியில் இதை வைத்திருக்கிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. “ஒரு அட்டைக்காக” என்றார்.

“அட்டைக்காகன்னு சொல்லாதீங்க. அப்பாவுக்குப் பயந்துன்னு சொல்லுங்க” என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அப்பாவுக்கெல்லாம் அவ்வளவு பயப்பட வேணாங்க” என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

காலையில் பால்கனிக்கு மாற்றலாம் என்றால் மாமனார் விருதைத் தொட விடவில்லை. “எதிர்வீட்டுக்காரர் பாக்க வர்றேன்னிருக்கார்.” தீ சார் அதை அப்படியே விட்டுவிட்டுத் தளத்துக்குப் போனார். மேடம் வந்தார், சுற்றினார், விரலை நீட்டி ஸ்லாட்டுகளை எண்ணினார்.

“முப்பத்தஞ்சுதான் இருக்கு.”

“பதினேழு சர்வீஸுக்குப் போயிருக்கு மேடம்.”

“நாளைக்கு முப்பத்தாறும் ஸ்லாட்ல இருக்கணும். முப்பத்தாறு பச்சை விளக்கையும் நான் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உங்க நீல அட்டை ரெடியா இருக்கு.”

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதத்தைக் கிணற்றுக்குள் திருப்பி விட வேண்டியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மாமனாரிடம், “மாமா, விருதுல பேர் பொறிக்கணுமாம். நாளைக்குக் காலைல திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்றார்.

“அதுக்கென்ன, நானும் வர்றேன்.”

“அப்பா, நீங்க எதுக்கு அங்கல்லாம்?” என்றாள் மனைவி அவசரமாக.

“மருமகன் வேலை பாக்கற இடத்த நான் பாக்க வேணாமா?”

தொண்ணூறாம் நாள் காலை, தீ சார் நடுத்தெருவில் தள்ளுவண்டியைத் தள்ள, மாமனார் பக்கத்தில் நடந்தார். ஹாரன் அடித்தவர்களிடமெல்லாம், “மாப்பிள்ளையோட விருதுப்பா, கொஞ்சம் பொறு” என்றார். அண்டாவுக்குள் பதினேழாம் நம்பர் முந்தாநாளைவிடத் தடித்திருந்தது. அதிலிருந்து நகப்பூச்சு வாடை மாதிரி ஒன்று வந்தது. தீ சாருக்கு அந்த வாடையின் அர்த்தம் தெரியும். விதிப் புத்தகத்தில் அதற்குத் தனிப் பத்தியே இருக்கிறது.

மாமனாரை வாசலிலேயே வாட்ச்மேனோடு உட்கார வைத்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மாமனார் உட்காரவில்லை. நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார், சுவரைப் பார்த்தார், அசந்து நின்றார்.

“மாப்பிள்ளை... முப்பத்தஞ்சு விருதா!”

தீ சார், “ஆமா மாமா” என்றார். வேறு என்ன சொல்வது?

“என்ன விருது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடம்.

“ஒண்ணுமில்ல மேடம். பெரியவர் தமாஷா பேசுவார். என் மாமனார். தீயணைப்பு நிலையத்துல முப்பத்திரண்டு வருஷம்.”

“அடடே! வணக்கம் சார். அப்ப நிபுணர் முன்னாடியே பாத்துடலாம். பதினேழ ஸ்லாட்ல போடுங்க.”

பேட்டரிக்காரர் அன்றைக்கு லீவு. மனுஷருக்கு முன்யோசனை ஜாஸ்தி. தீ சார் பேட்டரியை ஸ்லாட்டில் வைத்தார். கால்வாசி போய் நின்றுவிட்டது.

“ஏன் போகல?”

“புதுசா சர்வீஸ் ஆகி வந்தது மேடம். கொஞ்சம் டைட்டா இருக்கும்.”

“தள்ளுங்க மாப்பிள்ளை, நானும் ஒரு கை குடுக்கறேன்” என்று மாமனார் வந்து தோளைக் கொடுத்தார். மெதுவாக, மெதுவாக என்று தீ சார் சொல்லச் சொல்ல, ‘நறுக்’ என்ற சத்தத்தோடு அது உள்ளே போயிற்று. இனி சுவிட்சைப் போடாமல் இருந்தால் சரி. எதையாவது சொல்லி மேடத்தை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

மேடம் சுவிட்சைப் போட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. மேடம் முகமெல்லாம் சிரிப்பாகக் கைப்பையைத் திறந்து நீல அட்டையை எடுத்தார். அதில் தீ சாரின் போட்டோ இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது, தலை நிறைய முடி. அவர் கையை நீட்டினார். அட்டையின் முனை விரலில் பட்டது. அப்போது மேடத்தின் தோளுக்குப் பின்னால், பதினேழாம் ஸ்லாட்டிலிருந்து, ஊதுபத்தி கொளுத்தினாற்போல ஒரு மெல்லிய வெள்ளைப் புகை கிளம்பியதைப் பார்த்தார்.

மேடம் பார்க்கவில்லை. மாமனாரும் பார்க்கவில்லை. அட்டையை வாங்கிப் பையில் போட இரண்டு விநாடி போதும்.

கொட்டகைக்குள் பேட்டரி எடுக்க வந்த பார்சல்காரர்கள் பதினோரு பேர் இருந்தார்கள்.

தீ சார் நீட்டிய கையைத் திருப்பி மெயின் சுவிட்சை இறக்கினார். “எல்லாரும் வெளிய! வண்டிய விடு, ஆள் வெளிய!” என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மேடத்தை வாட்ச்மேன் பக்கம் தள்ளினார். மணல் பெட்டியின் சீலை மண்வெட்டியால் ஒரே போடு. பதிவேட்டு நம்பரெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை. ஸ்லாட்டில் தீ எட்டிப் பார்ப்பதற்குள் மணலை வாரி வாரி அடைத்தார். பிறகு குழாயைப் பிடித்து இரண்டு பக்கத்து ஸ்லாட்டுகளையும் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தார். நாலு நிமிஷம். பதினேழாம் ஸ்லாட் கரியானது. மற்றதெல்லாம் பிழைத்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

மாமனார் வாசல் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அனுபவசாலியின் நிதானம் என்று வாட்ச்மேன் வியந்தார்.

தீ சார் மூச்சிரைக்க வெளியே வந்து போனை எடுத்தார்.

“யாருக்கு மாப்பிள்ளை?”

“தீயணைப்பு நிலையத்துக்கு மாமா.”

“அதான் அணைஞ்சிடுச்சே, அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?”

“பேட்டரி அணைஞ்ச மாதிரி இருந்துட்டு மறுபடி பத்திக்கும் மாமா. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும், தெரியும்” என்றார் மாமனார். “அப்ப நான் வீட்டுக்குக் கெளம்பறேன். தலை லேசா சுத்துது.”

“இப்படி உக்காருங்க மாமா, அவங்ககிட்ட முதலுதவிப் பெட்டி இருக்கும்.”

மேடம் நேராக வாசல் பலகைக்குப் போனார். ஒன்பதைக் கழற்றினார். பூஜ்யம் ஏற்கெனவே அங்கே இருந்தது. நீல அட்டையைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டார்.

“நல்லாச் செஞ்சீங்க. அத நான் எழுதறேன். மறைச்சீங்களே, அதையும் எழுதறேன். மறுபடி தொண்ணூறு நாள் ஓட்டுங்க, அப்புறம் நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசலாம்.”

மாமனார் மெல்லத் திரும்பினார். “நிரந்தரம் பண்றதப் பத்தியா?”

பத்து வருஷமாக அடைத்து வைத்திருந்தது தீ சாருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? மஞ்சள் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மாமனார் கையில் வைத்தார்.

“நான் நிரந்தரம் இல்ல மாமா. என்னிக்குமே இருந்ததில்ல. அது விருதும் இல்ல, வீங்கின பேட்டரி. உங்க முன்னாடி தலை குனிய வேணாம்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க.”

மாமனார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. நிமிர்ந்து நின்று, மேடத்துக்கும் வாட்ச்மேனுக்கும் பதினோரு பார்சல்காரர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

“பொண்ணு குடுத்தவன்கிட்டயே பொய்யா? முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன்ல இருந்தேன் மாப்பிள்ளை. உசுரப் பணயம் வச்சு மத்தவன் உசுரக் காப்பாத்தற எடம் அது. அங்க இருந்த எவனும் தன்னப் பத்தி ஒரு வார்த்த கூட்டிச் சொன்னதில்ல. மனுஷன்னா உள்ளத உள்ளபடி சொல்லணும். இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு தலைக்குனிவா!”

தீ சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. வாட்ச்மேனுக்கே பாவமாக இருந்தது.

மணியடித்துக்கொண்டு வண்டி வந்து நின்றது. மாமனார் சட்டென்று வாட்ச்மேன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். நரைத்த மீசையோடு ஒரு தீயணைப்பு வீரர் குதித்து இறங்கி, கரிந்த ஸ்லாட்டைப் பார்த்து, தீ சாரின் தோளில் தட்டி, “எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்க சார்” என்றார். திரும்பியவர் வாட்ச்மேனின் முதுகுப் பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே! நீங்க சமையல்கட்ட விட்டுப் போனதுலேர்ந்து ஸ்டேஷன்ல ஒருத்தனுக்கும் வாய்க்கு ருசியா ஒரு வேளை சாப்பாடு கெடைக்கலண்ணே!”